ரிப்பன் முடிச்சு

கயிற்றை அவிழ்த்த விரல்கள் விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தன.

நேற்று அந்தியில் மாமியார் எல்லம்மாள் உத்திரமேரூர்க் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சுலோச்சனா மாட்டுக் கொட்டகைக்குள் போய்க் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு மாமியாருக்குத் தெரியாமல் அவள் செய்த முதல் காரியம் அது. கன்று தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது. வயிறு மத்தளம் போல் உப்பும் வரை குடித்தது. பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் தன் வயிறே நிறைந்தாற்போல் இருந்தது. பிறகு மறுபடி கட்டிவிட்டு வந்துவிட்டாள்.

ராத்திரி பால் கறக்க உட்கார்ந்த எல்லம்மாள், "கள்ளி! அடக்கிக்கிச்சு பாரு!" என்று பசுவின் தொடையில் ஓர் அறை வைத்தாள். அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை.

தை மாதத்திலிருந்து சுலோச்சனாவின் புருஷன் வரதன் உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஒரு காபி கிளப்புக்குப் பால் ஊற்றுகிறான். அதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று காம்பு வீட்டுக்கு, நாலாவது காம்பு கன்றுக்கு. எல்லம்மாளின் மாமியார் காலத்திலிருந்து வந்த வழக்கம். காபி கிளப் வந்ததும் நாலாவது காம்பும் வீட்டுக்கென்று ஆகிவிட்டது. கிடாரிக் கன்றாக இருந்தாலும் கொஞ்சம் விட்டிருப்பார்கள். இது காளை. விலா எலும்பு தெரிய, கட்டுத்தறியில் நின்று, சுவரை நக்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் கன்றுக்காக மட்டுமா அவிழ்த்தோம்? சுலோச்சனா இரவு முழுவதும் இதையே கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

நேற்று உச்சிப் பொழுதில், சாணி வாரும் பாக்கியமேரியைக் கொட்டகையின் மூலையில் பார்த்தாள். அவள் சுவரோரமாகத் திரும்பி நின்று, மாராப்பை விலக்கித் தன் பாலைப் பீய்ச்சி எருக்குழியில் விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிப்போன மார்பு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சேரியில் அவளுடைய குழந்தை சாமுவேலுக்கு மூன்றாம் மாதம். வேலை முடியாமல் ஊட்டப் போகக் கூடாது என்பது எல்லம்மாளின் சட்டம்.

'போய் ஊட்டிவிட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லச் சுலோச்சனாவுக்குத் துணிவு வரவில்லை. கன்றை அவிழ்க்கத்தான் வந்தது. கன்று யாரிடமும் போய்ச் சொல்லாது அல்லவா?

"அம்மாடி, மூட்ட ஆச்சா?" என்று மாமனாரின் குரல் கேட்டது.

சடையப்பனுக்கு அவள்தான் தினமும் சோற்றுச் சட்டியைத் துணியில் வைத்துக் கட்டிக் கொடுப்பாள். காஞ்சிபுரத்தில் எட்டாவது வரைக்கும் படித்தபோது பழகிய கை. இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டுவதுபோல, இரண்டு காது விரிந்து நிற்கும் முடிச்சு. வேறு முடிச்சு அவளுக்கு வராது.

"இந்த ரிப்பன் முடிச்சுல ஒரு சவுகரியம் கீதும்மா. ஒரு இழு இழுத்தா தொறந்துக்குது" என்று அவர் மூட்டையை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான். வீட்டுக்குள் நடப்பவை காதில் விழாதபடி கழனியிலேயே பொழுதைக் கழிக்கிறவர். "ஏரிக்கால் கழனி சாஞ்சிடுச்சு. நாளைக்கி அறுப்புக்கு ஆளு சொல்லணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு, கொட்டகையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்.

வெளிச்சம் நன்றாக வந்தபோது பசு கத்தத் தொடங்கியது. வழக்கமான கத்தல் இல்லை அது.

சுலோச்சனா புழக்கடைக் கதவருகில் வந்து நின்றாள். கையில் பால் டம்ளர் இருந்தது. நாலு மாதக் கர்ப்பிணி என்று எல்லம்மாள் தினமும் முதல் கறவையைக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டுத் தன் கையாலேயே ஆற்றிக் கொடுப்பாள்.

கன்று காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. பின்பக்கமெல்லாம் வெள்ளையாகக் கழிந்திருந்தது. வாயில் நுரை. வயிறு மட்டும் நேற்றைப்போலவே உப்பியிருந்தது.

அப்போதுதான் வேலைக்கு வந்த பாக்கியமேரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கழுத்துக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தது. அவள் கட்டுத்தறியில் கை வைத்து முடிச்சை இழுத்தாள். ஒரே இழுப்பில் கயிறு நழுவிக் கையோடு வந்துவிட்டது.

பாக்கியமேரி அந்தக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிப் புழக்கடைக் கதவைப் பார்த்தாள்.

சுலோச்சனாவின் கையில் டம்ளர் சுட்டது.

"இன்னாடி பண்ணிக்கினு கீற அங்க?"

எல்லம்மாள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"கன்னு ஒரு மாதிரி கீது பெரியம்மா. அதான் கவுறு..."

எல்லம்மாள் குனிந்து கழிச்சலைப் பார்த்தாள். கன்றின் வயிற்றில் விரலால் தட்டினாள். "வெள்ளக் கழிச்சல். பட்டினி கெடந்த வவுத்துல முட்ட முட்ட பாலு எறங்கிருக்குது. பழக்காத வவுறு தாங்குமா? யாருடி அவுத்து வுட்டது?"

"நா அவுக்கல பெரியம்மா."

"அப்ப கையில கீறது இன்னா, பூச்சரமா?"

"இப்பதான் அவுத்தேன். கெடக்கறதப் பாத்து அவுத்தேன்."

"உம் புள்ளைக்கி ஊட்ட வுடலன்னு எம் மாட்டு மேல காட்டிட்ட. அதான? நெஞ்சுல இத்தினி நாளா வெச்சிக்கினு இருந்திருக்குற!"

மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் சொம்போடு வேலி ஓரம் நின்றுவிட்டாள். "ஐயய்யோ, இன்னாக்கா இது? காபி கிளப்புல இன்னிக்கி எல்லாருக்கும் வரக்காப்பிதான்!" என்று சிரித்தாள். பிறகு பாக்கியமேரியைப் பார்த்து, "ஏன்டி, ஞாயித்துக் கெயமன்னா கோயிலுக்குப் போயி முட்டி போட்டுக்கினு வர்றல்ல, அங்க இதான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்றாள்.

பாக்கியமேரி மறுபடி கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சுலோச்சனா பேசியிருப்பாளோ என்னவோ. பார்க்காமல் இருந்ததே ஒரு வழிவிடல் மாதிரி இருந்தது. அந்த வழியில் நழுவி, சுலோச்சனா ஒரு அடி பின்னால் போய்க் கதவு நிழலில் நின்றுகொண்டாள்.

'இப்போது சொல், இப்போது சொல்' என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குடி கொட்டாய வுட்டு" என்றாள் எல்லம்மாள். "அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஏரிக்கால் அறுப்புல உனக்கும் கெடையாது, உம் புருஷன் ஐசக்குக்கும் கெடையாது. இந்தத் தெருவுல எவனும் உங்கள கூப்பிட மாட்டான். சொக்கம்மா, கேட்டுக்கினியா?"

"நல்லா கேட்டுக்கினேன்க்கா."

அறுப்புக் கூலி நெல்தான் அந்தச் சனங்களுக்கு ஆடி வரைக்கும் கஞ்சி. அது சுலோச்சனாவுக்கும் தெரியும்.

பாக்கியமேரி கயிற்றைச் சுருட்டி, ஆணியில் மாட்டினாள். துடைப்பத்தை எடுத்து மூலையில் சாத்தினாள். முந்தின நாள் நிறைத்து வைத்த சாணிக் கூடையை எருக்குழியில் கொட்டிவிட்டுத்தான் போனாள்.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் கன்று செத்துப்போயிற்று. பசு அதை நக்கிக்கொண்டே இருந்தது. ஈ மொய்த்த பிறகும் நக்கியது.

காலிப் பால் கேனை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வரதன் வந்தான். சைக்கிளை நிறுத்தும்போதே அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலம் கறக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

"கன்னு இல்லாம கறக்குமா? ஐசக்குக்கு ஆளு அனுப்பி கீறேன். தோல உரிச்சி வைக்கல் கன்னு கட்டித் தரட்டும்."

சுலோச்சனா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அவுத்தேன்."

சொல்லிவிட்டாள். இத்தனை எளிதாக வந்துவிட்ட வார்த்தை காலையில் எங்கே போயிருந்தது?

வரதன் நிமிர்ந்தான். "இன்னா?"

"கன்ன நான்தாங்க அவுத்தேன். நேத்து சாயங்காலம். அத்த கோயிலுக்குப் போயிருந்தாங்க. பாக்கியமேரிக்கு ஒண்ணுமே தெரியாது."

வரதன் தன் தாயைப் பார்த்தான். எல்லம்மாள் அவசரப்படவில்லை. அவன் இலையில் ரசத்தை ஊற்றினாள்.

"மசக்கைல ஒளர்றா. ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்துக்கினு இருந்தா, தூக்கமே இல்ல அதுக்கு. கன்னு செத்தத பாத்துட்டு மனசு பேஜாரா கீது, அவ்ளோதான். நீ சாப்பிடு."

"இல்ல அத்த, நான் நெசமாத்தான்..."

"போயி படும்மா" என்றாள் எல்லம்மாள். குரலில் கோபமே இல்லை. வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை இதமாக இருந்தது. காலையில் பாக்கியமேரியைக் கொட்டகையை விட்டுத் துரத்தியவளின் கை.

வரதன் ரசத்தைப் பிசைந்தான். நம்புவதற்கு ஒன்று கிடைத்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது.

ஒரு பொய்யைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பயப்படலாம். உண்மையைச் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று சுலோச்சனா நினைத்ததில்லை.

வெயில் சாய்ந்தபோது ஐசக் வந்து கன்றைத் தூக்கிக்கொண்டு போனான். புளியமரத்தடியில் வைத்து உரித்தான். உரித்த தோலைக் கழுவி, உள்பக்கம் உப்புத் தடவி, காயக்கூட நேரமில்லாமல் கொண்டுவந்து படலுக்கு வெளியே வைத்தான்.

"வைக்கல நீங்களே துருத்திக்கோங்க பெரியம்மா."

"ஏன்? உங் கையில இன்னா வந்துச்சி?"

"கன்ன கொன்னவன்னு எம் பொஞ்சாதிக்கி பேரு வெச்சாச்சி. அத எங் கையால மறுபடி நிக்க வெக்க மாட்டேன்." சத்தம் போடாமல்தான் சொன்னான். கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டு நடந்தான்.

"தோலு இவ்ளோ கெட்டியா கீது, கன்னுக்கில்ல, இவனுக்கு!" என்று எல்லம்மாள் பின்னாலிருந்து கத்தினாள். அவன் திரும்பவில்லை.

பாக்கியமேரி சற்றுத் தள்ளி, வரப்பில் நின்றிருந்தாள். தோளில் குழந்தை. சுலோச்சனா தோலை எடுப்பவள்போல் படலருகே போனாள்.

"பாக்கியமேரி!"

எல்லம்மாள் அவளை 'பாக்கியம்' என்றுதான் கூப்பிடுவாள். மேரி என்பது வாயில் நுழையாதாம். சுலோச்சனாவும் இதுவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"நீ பாத்துட்டல்ல? காலையில."

"கவுறு வந்த வெதத்துலயே தெரிஞ்சிது சின்னம்மா. அந்த முடிச்சு எங்களுக்கு வராது. பள்ளிக்கூடத்து முடிச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பாக்கியமேரிக்குச் சிரிப்பு வந்தது. கேலி இல்லை. குழந்தை ஒன்று கேட்கும் கேள்விக்கு வரும் சிரிப்பு. "சொல்லி? உங்க மேல பயி போட்டேன்னு அதுக்கு வேற வாங்கணுமா?"

"நான் சொல்லிட்டேன். ஒருத்தரும் நம்பல."

"உம்."

குழந்தை மார்பில் முகத்தைப் புதைத்தது. அவள் மாராப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அது சப்பும் ஓசை கேட்டது.

"இப்ப எந்நேரமும் ஊட்லாம்" என்றாள் பாக்கியமேரி. "யாரும் கேக்க மாட்டாங்க. நல்லதுதான். கஞ்சி இல்லாத வவுத்துல பாலு எத்தினி நாளைக்கி நிக்கும்னு கீது பாருங்க, அதான்."

"நீங்க அத அவுத்தது தப்பில்ல சின்னம்மா. கொஞ்சம் கொஞ்சமா வுட்டிருக்கணும். பசி அப்படித்தான். பாத்து அவுக்கணும்."

அவள் வரப்பின்மேல் நடந்தாள். ஐசக் தொலைவில் நின்று காத்திருந்தான்.

மாமியாரும் மருமகளுமாக உட்கார்ந்து வைக்கோலைத் திணித்தார்கள். தோல் ஈரமாக இருந்தது. நாலு குச்சியைக் காலாக வைத்தார்கள். தலைப்பக்கம் கொஞ்சம் சரிந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். எல்லம்மாள் அதைத் தூக்கி நிறுத்தி, "கயித்த கட்டு" என்றாள்.

சுலோச்சனா ஆணியிலிருந்த கயிற்றை எடுத்துக் கழுத்தில் சுற்றிக் கட்டினாள். கை தன் பழக்கத்தில் கட்டியது. இரண்டு காது விரிந்து நின்றது.

எல்லம்மாள் அந்த முடிச்சைப் பார்த்தாள். வியப்பே இல்லை அந்தப் பார்வையில். ஒரு நுனியைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். சாதாரண முடிச்சாக, இறுக்கி, மறுபடி கட்டினாள்.

"இந்த முடிச்ச இனிமே இங்க போடாத" என்றாள்.

சுலோச்சனா நிமிர்ந்தாள். "அத்த..."

"காத்தாலயே பாத்தேன்டி. அவ இழுக்கறதுக்கு முந்தியே பாத்தேன்."

"தெரிஞ்சுமா அத்த?"

"தெரிஞ்சா? உன்ன நிக்க வெச்சி சொல்ல முடியுமா? புள்ளத்தாச்சி கையால பசுங்கன்னு செத்துச்சின்னு இந்தச் சொக்கம்மா போயி நாலு வூட்ல சொல்லுவா. அந்தப் பாவம் உன் வவுத்துக்கு வரும்பாங்க. நாளைக்கி ஒண்ணுன்னா உன்னத்தான் சொல்லுவாங்க." எல்லம்மாள் வைக்கோல் தூசியைக் கையால் தட்டினாள். அவள் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு பிறந்தவன் வரதன். "அவள சொன்னா இன்னா? அவங்களுக்கு இது புதுசா? சொமந்து பயகின சனம். இதையும் சொமந்துக்கினு போவா."

எவ்வளவு அன்போடு சொன்னாள்! சுலோச்சனாவுக்கு அதுதான் தாங்கவில்லை. தன்மேல் விழ வேண்டியதை ஒருத்தி எடுத்து, பத்திரமாக, இன்னொருத்தியின் தலையில் வைத்திருக்கிறாள். வைத்தவள் கெட்டவள் இல்லை. காலையிலும் இவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தவள்.

வைக்கோல் கன்றைப் பசுவின் முன்னால் நிறுத்தினார்கள். பசு மோந்து பார்த்தது. ஒதுங்கியது. மறுபடி வந்து மோந்தது. உப்புக் கரித்ததோ, மணம்தான் போதுமோ, நக்கத் தொடங்கியது. கழுத்தை, சரிந்த தலையை, கண் இல்லாத ஓட்டையை. கன்றைப் பிடித்துக்கொண்டிருந்த சுலோச்சனாவின் கையையும் சேர்த்து நக்கியது. மடி இறங்கிற்று.

எல்லம்மாள் உட்கார்ந்து கறந்தாள். சொம்பில் பால் விழும் ஓசை. மூன்று காம்பு முடிந்து நாலாவதில் கை போயிற்று. போன கை நின்றது. ஏதோ நினைவில், பழைய காலத்து வழக்கத்தில், அவள் அதைத் தொடாமல் எழுந்துவிட்டாள். கன்றுக்கு விட வேண்டிய நாளில் விடாத காம்பை வைக்கோலுக்கு விட்டுவிட்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சுலோச்சனா தனியாக நின்றாள். பசுவின் நாலாவது காம்பில் ஒரு சொட்டுத் தானாக ஊறித் தரையில் விழுந்தது.

நாளைக் காலையில் அறுப்புக்கு ஆள் சொல்லும்போது எல்லாரும் இந்தப் புழக்கடையில்தான் வந்து நிற்பார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும்.

அவள் குனிந்து எல்லம்மாளின் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. நகத்தால் நெம்பினாள். நகம் ஒடிந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். நார் வாயில் குத்தியது. பிறகு நிதானமாக, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்ணுக்குத் தலைபின்னி விடுகிறவளைப்போல, தன் முடிச்சைப் போட்டாள். இரண்டு காதையும் இழுத்துச் சமமாக விரித்துவிட்டாள்.

பின்னால் இருமல் சத்தம்.

கழனியிலிருந்து வந்த சடையப்பன் அரிவாளோடு நின்றிருந்தார். மறு கையில் பிரித்து மடித்த சோற்றுத் துணி. வழியிலேயே யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் செத்த கன்றைப் பற்றிக் கேட்கவில்லை. வைக்கோல் கன்றின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்தால அரிவா எடுக்க வந்தப்ப, கன்னு கவுத்துல இந்த முடிச்சப் பாத்தேன்" என்றார் மெதுவாக. "மருமவ கன்னுக்குக்கூட ரிப்பன் கட்டி வெச்சிருக்குதேன்னு சிரிச்சிக்கினே போனேன்."

"நான்தான் மாமா கட்டினேன். நான்தான் அவுத்தேன். அவ இல்ல."

அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மசக்கை என்று சொல்லவில்லை. அரிவாளைச் செருகினார். துண்டை எடுத்து உதறினார்.

உள்ளேயிருந்து எல்லம்மாள், "யாரு, நீங்களா? கால கழுவிக்கினு வாங்க, காபி கீது" என்றாள்.

சடையப்பன் படலைத் திறந்துகொண்டு வெளியே இறங்கினார். வெளியே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஏரிக்கரைக்கு, எப்போதும் வீட்டில் சத்தம் கிளம்பினால் அவர் போய் உட்காரும் இடத்துக்கு. இன்னொன்று சேரிக்கு.

சுலோச்சனா படலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்தப் பிரிவுக்கு வந்ததும் அவர் நின்றார். துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். நின்றுகொண்டே இருந்தார்.